பூவரச மரத்தடியில் இருபத்தைந்து நிமிடம்

1969ஆம் ஆண்டு, ஆவணி மாதம். காரைக்குடியில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். அப்போது எனக்கு வயது முப்பத்தொன்பது. பத்தொன்பதாவது வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறவன் நான். இதில் நான் சொல்லும் நேரங்களை நினைவிலிருந்து சொல்லவில்லை. அந்த வருடத்து டைரியை எதிரில் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் ஒரே தங்கையை ஒக்கூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதோடு கிணற்று மோட்டார் பழுது பார்ப்பார். எந்த ஊரில் மோட்டார் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வேலை அரை மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் அந்த வீட்டு ஆட்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பார். என் டைரி என்றால் அவருக்குத் தனி உற்சாகம். வீட்டுக்குள் காலை வைக்கும்போதே, "என்ன மச்சான், இன்னைக்கு எத்தன தும்மல்னு எழுதியாச்சா?" என்பார். நான் கொஞ்சம் இறுக்கமான ஆள். அவர் கேட்டால் மட்டும் கோபம் வராது.

அவர்களுடைய முதல் பிள்ளைக்கு அந்த ஆவணியில் மொட்டையடித்துக் காது குத்துவதாக ஏற்பாடு. குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் நான்தான். அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருந்தது. பிள்ளையின் தகப்பனே நேரில் வந்து, வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம் வைத்த தட்டைத் தாய்மாமன் கையில் கொடுத்து அழைக்க வேண்டும். கூடப் பிறந்தவள் மட்டும் வந்து கூப்பிட்டால் அதை அழைப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இதற்காகப் பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அண்ணன் தங்கைகளை எனக்கே தெரியும்.

வியாழக்கிழமை மாலை நாலு இருபதுக்குத் தங்கை வந்தாள். தனியாக வந்தாள். கையில் தட்டு.

"மாப்பிள்ள எங்க?" என்று கேட்டேன். வா என்றுகூடச் சொல்லவில்லை.

"தேவகோட்டப் பக்கம் மோட்டார் வேலைக்குப் போயிருக்காகண்ணே. வேல நெறைய கெடக்கு. அதான் நானே வந்துட்டேன்."

"பெத்த புள்ளைக்குக் காது குத்துறதவிடப் பெரிய வேலையாக்கும்?"

"நான் ஒங்க கூடப் பொறந்தவதானேண்ணே. நான் கூப்புட்டா ஆகாதா?"

அவள் தட்டை நீட்டியபடியே நின்றாள். நான் கையை நீட்டவில்லை. "எடுத்துட்டுப் போ. குடுக்க வேண்டியவக வந்து குடுக்கட்டும்" என்றேன். என் மனைவி காப்பி கலந்து எடுத்து வருவதற்குள் அவள் படியிறங்கிப் போய்விட்டாள். "மாலை 4.40. தங்கை சென்றாள். தட்டைப் பெற்றுக்கொள்ளவில்லை" என்று எழுதியிருக்கிறேன்.

மறுநாள் ஒக்கூரிலிருந்து வரும் ஆசிரியர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதை அன்றே எழுதி வைத்ததால் அப்படியே தருகிறேன். "ஒங்க மாப்பிள்ளையா? வீட்டுலதான இருக்காரு. ஏழெட்டு மாசமா ஆளையே வெளியில காணோம். எங்க மோட்டார் நின்னு போச்சுன்னு ஆள் விட்டோம், வர முடியாதுன்னுட்டாக."

இவ்வளவையும் எழுதியிருக்கிறேன். ஆனால் என் காதில் விழுந்தது முதல் வரி மட்டும்தான். வீட்டில் இருந்துகொண்டே வரவில்லை. தங்கையும் பொய் சொல்லியிருக்கிறாள். அன்று மாலை டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். மாசியில் என் மகளுக்குச் சடங்கு சுற்றியபோது மாப்பிள்ளை வரவில்லை. சித்திரையில் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வரவில்லை. ஆனியில் என் அப்பாவின் திதிக்கும் வரவில்லை. மூன்று இடத்திலும் சிவப்பு மையால் கோடு போட்டேன். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. வந்தானா, வரவில்லையா என்பதுதான் தெரியும். ஏன் வரவில்லை என்பதற்கு அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

மனைவி மட்டும் சொன்னாள்: "எனக்கு என்னமோ சரியாப்படல. ஒடம்புக்கு முடியலையோ என்னமோ. ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வாங்களேன்."

"முடியலேன்னா சொல்லியிருக்க மாட்டாளா?" என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை நல்ல நேரம். நான் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். காலையில் குளித்து, பத்திரிகையை எடுத்துக்கொண்டு தெருவைப் பார்த்த ஜன்னலருகே உட்கார்ந்தேன். மனைவி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

எட்டுப் பத்துக்கு நிமிர்ந்து பார்த்தேன். எதிர்ப்பக்கத்துப் பூவரச மரத்தடியில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. பல நாள் தாடி. சட்டையில் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்ததால் ஒரு பக்கம் மேலேறி இருந்தது. மார்போடு ஒரு மஞ்சள் துணிப்பையை அணைத்திருந்தார். பையின் வாய் வழியாகத் தட்டின் விளிம்பு தெரிந்தது.

எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. வெட்கமாக இருந்தாலும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கடைசியில் வந்துவிட்டாரல்லவா, படியேறி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் எங்கள் வாசலைப் பார்த்தார். ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தார். பிறகு அதைப் பின்னால் இழுத்துக்கொண்டார். குனிந்து தரையைப் பார்த்தார். மறுபடியும் வாசலைப் பார்த்தார். இப்படி எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. அழைக்க வந்தவர் அவர், நான் எழுந்து போய் அவரை அழைத்தால் முறை தலைகீழாகிவிடும் என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு.

எட்டு முப்பத்தைந்துக்கு மனைவி ஈரக் கையோடு உள்ளே வந்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தவள், "யாருங்க அது? நம்ம மாப்பிள்ள மாதிரில்ல போறாக?" என்றாள்.

அவர் திரும்பித் தெருமுனையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"எப்ப வந்தாக?"

"எட்டுப் பத்துக்கு."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இருவத்தஞ்சு நிமிசமாப் பாத்துக்கிட்டா இருந்தீக?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள், "கால்ல செருப்புக்கூட இல்லாம வந்திருக்காக. அதப் பாத்தீகளா?" என்று கேட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

பொத்தானைப் பார்த்தவன் நான். தாடியை, பையை, தட்டின் விளிம்பைக்கூடப் பார்த்தவன். வெறுங்காலைப் பார்க்கவில்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கே இல்லை. திரும்பி வந்து விசாரித்தபோது எங்கள் தெருமுனைக் கடைக்காரர்தான், "பைய நெஞ்சோட அணச்சுக்கிட்டு ஒருத்தரு ஊருணிப் பக்கமா போனாரு. கூப்புட்டேன், காதுல வாங்கல. சீக்கிரமா அங்குட்டுப் போயிப் பாருங்க" என்றார். சீக்கிரமாக என்று அவர் சொன்ன விதம் எனக்கு வேறு மாதிரிப் பட்டது. ஏறி மிதிக்கக்கூடத் தோன்றாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினேன்.

ஊருணியில் அந்த நேரத்தில் யாருமில்லை. மாப்பிள்ளை கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். கால்கள் தண்ணீருக்குள். வேட்டி முழங்காலுக்கு மேல்வரை நனைந்திருந்தது. பை மட்டும் இரண்டு படி மேலே, நனையாமல், பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பை இருந்த இடம்தான் இன்றைக்கும் என்னைப் பயமுறுத்துகிறது.

அவர் என்ன நினைத்து அங்கே உட்கார்ந்தார் என்று நான் அன்று கேட்கவில்லை. பின்னாலும் கேட்டதில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் காலும் நனைந்தது.

தண்ணீரைப் பார்த்தபடியே பேசினார்.

"வாசல் வரைக்கும் வந்துட்டேன் மச்சான். கூப்புடணும்னுதான் வந்தேன். வாய் வரல."

"ஒடம்புக்கு என்ன செய்யுது மாப்பிள்ள?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. காய்ச்சலா, காயமா, காட்டுறதுக்கு? அதான் யாருகிட்டயும் சொல்ல முடியல. மோட்டார் ஓடுற சத்தம் கேக்குது. தண்ணி ஏறல. அப்படி இருக்கு. நானும் எல்லாத்தயும் கழட்டிப் பாத்துட்டேன்."

"எத்தன நாளா?"

"தையிலேருந்து. அவதான் பாவம். நீங்க தட்டத் திருப்பி அனுப்புன அன்னைக்கி அவ அழுகல மச்சான். சும்மா தட்ட வச்சுட்டு அடுப்பு மூட்டப் போயிட்டா. அதப் பாத்துட்டுத்தான் கெளம்பி வந்தேன். வந்தும் முடியல. திரும்பிப் போயி அவ மொகத்துல எப்படி முழிக்கிறது?"

தை என்று அவர் சொன்னதும் என் டைரி கண் முன்னால் வந்தது. மாசி, சித்திரை, ஆனி. நான் சிவப்புக் கோடு போட்ட இடங்கள் எல்லாமே அதற்குப் பிறகுதான்.

பையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "இங்கனயே குடுங்க மாப்பிள்ள" என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். பிறகு தட்டை உருவி எடுத்தார். வியாழக்கிழமை வாங்கிய வெற்றிலை, ஓரமெல்லாம் காய்ந்து கறுத்திருந்தது. இரண்டு கையாலும் நீட்டினார். அழைப்பு வார்த்தை எதுவும் அவருக்கு வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி தயாராக நின்றாள். பிள்ளைக்குச் சட்டை, தங்கைக்குச் சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி, ஒரு ஜோடி சின்னக் கடுக்கன் எல்லாம் ஒரு பெட்டியில் இருந்தன. எனக்குத் தெரியாமல் போன மாதமே வாங்கி வைத்திருக்கிறாள். மாப்பிள்ளைக்கு என் செருப்பைக் கொடுத்தாள். அது அவருக்கு ஒரு அளவு பெரியது. வாடகைக் கார் பிடித்து ஒன்பது ஐம்பதுக்குக் கிளம்பினோம்.

கோயிலுக்குப் போய்ச் சேரும்போது பதினொன்று ஐந்து. தங்கை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதையைப் பார்த்து நின்றாள். விடிந்ததிலிருந்து புருஷனைக் காணவில்லை. யார் கேட்டாலும், "தாய்மாமன அழைக்கப் போயிருக்காக" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறாள். எட்டு மாதமாக அவள் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் உண்மையாக முடிந்தது. அது உண்மை என்று அவளுக்கே அப்போது தெரியாது.

எழுபது பேருக்குச் சமைத்திருந்தார்கள். இருபத்திரண்டு பேர்தான் இருந்தார்கள். என்னைப் போலவே மற்ற வீட்டுக்காரர்களும், அவர் நேரில் வந்து அழைக்கவில்லை என்று ஒதுங்கிவிட்டார்கள். வந்திருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, நாங்கள் காரிலிருந்து இறங்கியதும் சத்தமாகச் சொன்னாள்: "தாய்மாமனுக்குக் கார் வச்சு அழைப்பா! பேரு வாங்கத்தான இம்புட்டு நேரம் முறுக்கிக்கிட்டுக் கெடந்தீக?" நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்த ஏச்சு எனக்கு வேண்டியதுதான். போய் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கினேன். காது குத்தியபோது அவன் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். மற்றவர்கள் அதைப் பிள்ளைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பந்தி முடிந்த பிறகு தங்கை என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். தூக்கம் இல்லை. சாப்பாடு இல்லை. வைக்கோல் கொட்டகையில் போய் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி. பிள்ளை மேலே வந்து விழுந்தாலும் தூக்குவதில்லை. மோட்டாருக்குக் கூப்பிட வந்தவர்களுக்கெல்லாம் இவள்தான் வர முடியாது, ஊரில் இல்லை என்று ஏதாவது சொல்லி அனுப்பினாள். கூட்டாளிகள் மூன்று நான்கு முறை வந்து பார்த்துவிட்டு, தலைக்கனம் பிடித்துவிட்டது என்று நின்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் கேள்வி கேட்பார்கள் என்று இவளும் தண்ணீருக்கு வேளை தவறிப் போக ஆரம்பித்தாள்.

"பேயோட்டுற கோடங்கிகிட்டக் கூட்டிட்டுப் போன்னாக சிலபேரு. கிறுக்குன்னு பேரு கட்டிருவாகளோன்னு பயந்து மூடி மூடி வச்சேண்ணே. எனக்கே சில நாள் ஆத்திரமா வரும். கல்லு மாதிரி உக்காந்திருக்கீகளேன்னு வஞ்சிருக்கேன். ஒரு தடவ சாப்பாட்டுத் தட்டத் தூக்கி எறிஞ்சிருக்கேன். அன்னைக்கி ஒங்ககிட்டச் சொல்லணும்னுதான் வந்தேன். வந்ததும் நீங்க மொறையப் பேசுனீக."

அவள் கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து அடுக்கினேன்.

அடுத்த வாரமே அவரை மதுரையில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இது மனச்சோர்வு என்கிற நோய், சோம்பேறித்தனமோ பேயோ இல்லை என்று அவர் சொன்னார். மாத்திரை கொடுத்தார். ஆனால் மாத்திரை கொடுத்த அன்றே யாரும் எழுந்து ஓடிவிடவில்லை. நான் ஞாயிறுதோறும் ஒக்கூருக்குப் போக ஆரம்பித்தேன். முதல் மூன்று ஞாயிறும் நிறையப் பேசினேன். தைரியமாக இருக்க வேண்டும், பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டும், உங்களுக்கு என்ன குறை என்றெல்லாம் அடுக்கினேன். நாலாவது ஞாயிறு நான் வாயைத் திறந்ததும் அவர், "சும்மா உக்காருங்க மச்சான். அதுவே போதும்" என்றார். கொட்டகையில் அவரோடு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தேன். ஒன்றும் செய்யாமல் ஒரு மணி நேரம் உட்காருவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும்.

தங்கையிடமும் அவரிடமும் கேட்டுக்கொண்டு, அவருடைய பழைய கூட்டாளிகள் சிலரைப் போய்ப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேர் அன்று மாலையே வந்தார்கள். ஒருவர் கேட்டுவிட்டு அதன் பிறகு அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. தங்கைக்கு மாதத்தில் நாலு நாளாவது என் மனைவி துணைக்குப் போய் இருந்தாள். பொய் சொல்ல வேண்டிய வேலை தீர்ந்த பிறகுதான் தங்கை முகத்தில் கொஞ்சம் களை திரும்பியது.

அந்த நாட்களின் டைரியில் சின்னச் சின்ன வரிகள் இருக்கின்றன. "மாப்பிள்ளை இன்று தானாகச் சவரம் செய்துகொண்டார்." "இன்று இரண்டாவது தடவை சோறு வாங்கினார்." "இன்று ஒன்றும் பேசவில்லை." மார்கழியில் ஒரு ஞாயிறு, நான் உள்ளே நுழைந்ததும், "மச்சான், நான் எத்தன தடவ கொட்டாவி விட்டேன்னு எழுதிக்கிட்டு இருக்கீகளாமே?" என்று கேட்டார். அதையும் எழுதி வைத்தேன். எழுத்து கோணலாக இருக்கிறது.

அதோடு நோய் போய்விட்டது என்று எழுத ஆசைதான். 1973இல் மறுபடியும் வந்தது. அந்தத் தடவை தங்கை மறைக்கவில்லை. பத்து நாளுக்குள் எனக்குக் கடிதம் போட்டாள். மூன்று வருடம் கழித்து என் மகள் கல்யாணத்தின்போதும் அவருக்கு உடம்பு அப்படித்தான் இருந்தது. முதல் நாள் வந்து, பந்தலில் மோட்டார் வைத்துத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்துவிட்டு, "நாளைக்கிக் கூட்டத்துல நிக்க எனக்கு ஆகாது மச்சான்" என்றார். சரி மாப்பிள்ளை என்று பஸ் ஏற்றி அனுப்பினேன். முகூர்த்தத்தில் எத்தனையோ பேர் ஒக்கூர் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை, வந்து பார்த்துவிட்டுத்தான் போனார் என்று உண்மையையே சொன்னேன்.

இன்றைக்கும் விசேஷங்களுக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதத்தான் செய்கிறேன். அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் ஒருவர் இரண்டு முறை வரவில்லை என்றால் மூன்றாவது முறைக்குக் காத்திருக்காமல் அவர் வீட்டுக்கு ஒரு நடை போய்விடுகிறேன். பாதி நேரம் அது வெறும் பஸ் தவறிய சமாசாரமாக இருக்கும். காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அந்தப் பூவரச மரம் இன்னும் எங்கள் வீட்டு எதிரில் நிற்கிறது. ஒரு நாள் யாரும் பார்க்காத நேரமாக, என் வாசற்படியிலிருந்து அதன் அடி வரைக்கும் நடந்து அளந்து பார்த்தேன். பதினாறு எட்டு. தையிலிருந்து வீட்டு வாசலைத் தாண்டாத மனிதர், செருப்பில்லாத காலோடு, ஒக்கூரிலிருந்து அந்தப் பதினாறு எட்டு மட்டும் பாக்கி இருக்கும் இடம் வரை வந்து நின்றிருக்கிறார். அந்தப் பதினாறும் நான் நடந்திருக்க வேண்டியவை என்பது அந்த மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.